முதுகுத் தட்டு நோவிலிருந்து மீண்டு வயலுக்குத் திரும்புதல்

மண்வெட்டியின் பிடி முறிந்தால் அன்றைக்கே புதுப் பிடி பூட்டிக்கொள்ளலாம். தெளிகருவி பழுதடைந்தால் அயலவரிடம் இரவல் பெறலாம். அவற்றைக் கையாளும் கமக்காரரின் முதுகு பழுதடைந்தால் இரவலாகப் பெறுவதற்கு வேறொரு முதுகு இல்லை. போகம் எவருக்காகவும் காத்திருப்பதுமில்லை. நாற்று மேடையில் நாற்று முதிர்கின்றது; போஞ்சிக் கொடி கம்பு தேடுகின்றது; உடையவரோ எழமுடியாது பாயிற் கிடக்கின்றார். இந்நிலை சப்பிரகமுவ மாகாணத்துக் கமக்காரருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் புதியதன்று.

"டிஸ்க் விலகிவிட்டது" என்று வைத்தியசாலையிற் கூறக்கேட்டதும், இனித் தம் வாழ்நாளில் மண்வெட்டி பிடிக்க இயலாது எனப் பலர் மனம் இடிந்துபோகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. முள்ளந்தண்டுத் தட்டுக் காயமுற்றோரிற் பெரும்பாலானோர் சத்திரசிகிச்சையின்றியே குணமடைந்து தம் தொழிலுக்குத் திரும்புகின்றனர். ஆனால் அவ்வாறு திரும்புவதற்கு ஒரு முறை உண்டு. நாளறிந்து அளவறிந்து உடலை இயக்குதலே அம்முறையாகும். அதனை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

நமது நிலமும் நமது முதுகும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலம் பெரும்பாலும் சரிவானது. மழையோ மிகுதி. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளில் காலையிற் கொழுந்து பறித்தோ இறப்பர் பால் வெட்டியோ உழைப்பவர், மாலையில் லயத்தை அடுத்துள்ள துண்டு நிலத்திற் போஞ்சி, கத்தரி, மிளகாய், பாகல் முதலியவற்றைப் பயிரிடுகின்றார். பள்ளத்தாக்கில் வயல் வைத்திருப்போர் வரம்பு கட்டுதலும் நாற்று நடுதலும் களை பறித்தலுமாக நாள் முழுவதும் குனிந்து நிற்கின்றனர். வழுக்கும் படிக்கட்டில் உரப்பையைச் சுமந்து ஏறுவோரும் பலர். பெண்களுக்கு இவற்றோடு நீர்க்குடமும் விறகுக் கட்டும் கைக்குழந்தையும் சேர்ந்த சுமையாகும்.

ஒரே உடலுக்கு இரண்டு தொழில், ஓய்வோ சிறிது. ஆகவே முதுகு நோவு இங்கே மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

தட்டு என்பது யாது?

முள்ளந்தண்டு ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பெற்ற என்புகளால் ஆனது. அவ்வென்புகளுக்கிடையே மெத்தைபோல் 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டின் வெளிப்புறமும் நார்கள் பின்னிய உறுதியான வளையமாகும். உட்புறம் நீர் செறிந்த களிபோன்ற பொருளாகும். நாம் நடக்கும்போதும் சுமக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவது இவற்றின் வேலை.

வளையத்தின் நார்கள் நாட்பட நைந்தோ, ஒரு சுமையைத் திடீரெனத் தூக்கும்போது கிழிந்தோ போனால், உள்ளிருக்கும் களி வெளியே பிதுங்குகின்றது. பிதுங்கியது அருகிலுள்ள நரம்பை உறுத்தினால் நோவு முதுகோடு நில்லாது புட்டம், தொடை, கெண்டைக்கால் வழியே பாதம் வரை மின்னல்போல் இறங்கும். கால் விறைக்கும். இருமினாலும் தும்மினாலும் நோவு கூடும். கீழ் இடுப்பிலுள்ள கடைசி இரண்டு தட்டுகளிலேயே இக்கேடு பெரும்பாலும் நேர்கின்றது. காலிற் பரவும் இந்நோவுக்குத் தட்டுப் பிதுக்கமே காரணமாகலாம் என்பதை அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியர்களாகிய மிக்ஸ்ரர், பார் ஆகிய இருவரும் 1934ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையின் பின்னரே உலகம் நன்கறிந்தது.

நமக்கு ஆறுதல் தரும் செய்தியொன்று உண்டு. பிதுங்கிய பகுதியை உடல் தானே சிறிது சிறிதாகக் கரைத்து அகற்றும் இயல்புடையது. பெரிதாகப் பிதுங்கியவை கூடச் சில மாதங்களிற் சுருங்கிவிடுவதை வைத்தியர்கள் படங்களிற் கண்டுள்ளனர்.

படத்தைக் கண்டு அஞ்சற்க. முதுகு நோவு சிறிதுமில்லாத 98 பேரின் முள்ளந்தண்டுகளை அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. படமெடுத்து ஆராய்ந்து, 1994இல் அம்முடிவை வெளியிட்டனர். அவர்களுள் எல்லாத் தட்டுகளும் குறையின்றி இருந்தோர் 36 சதவீதத்தினரே. ஏனையோர் தட்டில் ஏதோவொரு குறையை வைத்துக்கொண்டே நோவின்றி நடமாடினர். எனவே படத்தில் ஒரு குறை தெரிவதால் மாத்திரம் ஒருவர் ஊனமுற்றவர் ஆகிவிடுவதில்லை.

அலவாங்கின் கணக்கு

கல்லைப் புரட்ட அலவாங்கு பிடித்தவர் எவரும் நெம்புகோலின் தன்மையை அறிவர். நம் முதுகும் ஒரு நெம்புகோலே. ஆனால் இங்கே அலவாங்கு தலைகீழாக நமக்கு எதிராக வேலை செய்கின்றது. முதுகுத் தசைகள் முள்ளந்தண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் பின்னே நின்று இழுக்கின்றன. 10 கிலோகிராம் சுமையொன்றை உடலிலிருந்து 60 சென்ரிமீற்றர் முன்னே நீட்டித் தூக்கினால், அதனைச் சமன் செய்வதற்கு அத்தசைகள் 120 கிலோகிராம் அளவு இழுக்கவேண்டும். அவ்விசை தட்டுகளின்மேல் அழுந்துகின்றது. அதே சுமையை வயிற்றோடு அணைத்து 20 சென்ரிமீற்றர் தூரத்திற் பிடித்தால் 40 கிலோகிராம் போதும். சுமை ஒன்றே, பிடித்த முறையினால் பாரம் மூன்றிலொன்றாகக் குறைகின்றது.

சுவீடன் நாட்டு வைத்தியர் நாக்கெம்சன் என்பார் 1960களில் உயிருள்ள மனிதரின் தட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, குனிந்து சுமை தூக்கும்போது அது மிக உயர்வதைக் காட்டினார்.

இன்னுமொன்று. இரவிற் படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் எழுந்ததும் நாம் சிறிது உயரமாக இருப்பது இதனாலேயே. பருத்த தட்டு குனியும்போது கூடுதலாக இறுகும். எனவே முதுகு நோவுடையோர் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து செய்யும் வேலையைத் தவிர்த்து, நடந்து செய்யும் வேலைகளை முதலிற் செய்தல் நன்று.

ஒரு நாளும் தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

முதுகு நோவு எல்லாம் ஒன்றல்ல. பின்வருவன காணப்படின் எண்ணெய் தடவிக்கொண்டிராது அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

1. சிறுநீர் கழியாது தடைப்படுதல், அல்லது சிறுநீரோ மலமோ தன்னையறியாமற் கழிதல்.

2. தொடைகளின் உட்புறமும் இருக்கைப் பகுதியும் மரத்துப்போதல்.

3. பாதத்தை மேலே தூக்க இயலாமை. இரு கால்களும் வலுவிழத்தல்.

4. கித்துள், தென்னை, பலா முதலிய மரங்களிலிருந்தோ மேட்டிலிருந்தோ விழுந்தபின் ஏற்பட்ட நோவு.

5. காய்ச்சலோடு கூடிய நோவு. காரணமின்றி உடல் மெலிதல். படுத்திருக்கும்போதும் தணியாது இரவில் மிகும் நோவு.

முதல் மூன்றும் நரம்புகள் நசுங்குவதன் அடையாளம். அவற்றிற்கு விரைவிற் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் இழந்தது திரும்பாது போகலாம்.

மரத்திலிருந்து விழுந்தவரைக் கையும் காலும் பற்றித் தூக்குதல் பெருந்தீங்கு. அவரை அசைக்காது வைத்து 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்சை அழைக்கவும். வண்டி வந்து சேர இயலாத இடமாயின், தலை, மார்பு, இடுப்பு ஆகியவை ஒரே நேரத்திற் புரளுமாறு பலர் சேர்ந்து ஒரு மரக்கட்டையைப்போற் புரட்டிக் கதவுப் பலகையிற் கிடத்திச் சுமக்கவேண்டும்.

காய்ச்சலோடு வரும் நோவைப்பற்றி வயற்காரர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் எலிக்காய்ச்சல் மிகுதியாகக் காணப்படும் பகுதிகள். வயற்சேற்றில் இறங்கிய சில நாட்களில் அல்லது வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால், இடுப்பு ஆகியவற்றிற் கடும் தசைநோவும் தோன்றினால் அதனை நாரிப்பிடிப்பு என எண்ணிவிடக்கூடாது. வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் தவறாது கூறவும். டெங்குக் காய்ச்சலிலும் உடல்நோவு உண்டு. எனவே காய்ச்சலுள்ளபோது வைத்தியரைக் கேளாது கடும் நோவு மாத்திரைகளை உட்கொள்ளலாகாது. போகத் தொடக்கத்தில் எலிக்காய்ச்சற் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை விசாரித்துக்கொள்க.

படுக்கை மருந்தன்று

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மையார், போஞ்சிப் பாத்தியைக் காட்ட அழைத்தபோது என்னிடம் இவ்வாறு கேட்டார்: "ஐயா, டொக்டர் நடக்கச் சொல்றாரு. எங்க மாமியார் அசையாம படுக்கச் சொல்றாங்க. யாரு சொல்றத கேக்குறது?" இவ்வினா அவருடையது மாத்திரமன்று, லயங்கள்தோறும் எழும் வினாவாகும்.

மாமியார் கூறியது அன்பினால் விளைந்தது. ஒரு காலத்தில் வைத்தியர்களும் வாரக்கணக்கிற் படுக்கச் சொன்னதுண்டு. ஆயினும் ஆராய்ச்சிகள் வேறு வழியைக் காட்டியுள்ளன. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் கடும் முதுகு நோவுற்ற 186 ஊழியரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் இரு நாள் படுக்கையில் இருந்தனர். மற்றொரு பிரிவினர் பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் நோவு இடந்தரும் அளவுக்கு நாளாந்த வேலைகளைச் செய்து வந்தனர். மூன்றாம் பிரிவினரே விரைவிற் குணமடைந்தனர் என 1995இல் வெளியான முடிவு கூறுகின்றது. காலுக்கு இறங்கும் நரம்பு நோவுடைய 183 பேரை நெதர்லாந்தில் ஆராய்ந்து 1999இல் முடிவை வெளியிட்டனர். இரு வாரம் படுத்திருந்தோரிலும் நடமாடியிருந்தோரிலும் 12 வாரங்களின் பின் 87 சதவீதத்தினர் முன்னேற்றம் கண்டனர். படுத்ததனால் யாதொரு மிகைப் பயனும் இல்லை.

இதன் காரணம் எளிது. வளர்ந்தோரின் தட்டுகளில் இரத்தக் குழாய்கள் மிக அரிது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி நிகழும்போதே நீரும் சத்தும் அவற்றினுள் ஊறுகின்றன. அசையாது கிடப்பதால் முதுகைத் தாங்கும் தசைகளும் மெலிகின்றன. மாமியாரின் சொல்லில் ஒரு நாளோ இரு நாளோ எடுத்துக்கொண்டு, அதன்பின் டொக்டரின் சொல்லைக் கேட்கும்படி நான் கூறினேன்.

இளஞ்சூட்டு ஒத்தடமும் எண்ணெய் பூசி மெல்லத் தடவுதலும் ஆறுதல் தரும். முதுகின்மேல் ஏறி மிதித்தல், இடுப்பைப் பிடித்து வெட்டித் திருப்புதல் ஆகியன காயப்பட்ட தட்டை மேலும் பிதுக்கக்கூடும், அவற்றை விலக்குக. நோவு மாத்திரைகளை வைத்தியர் கூறிய அளவில், கூறிய நாட்களுக்கு மாத்திரம் உட்கொள்க. புகைத்தல் தட்டுக்குச் செல்லும் சத்தைக் குறைப்பதால் அதனைக் கைவிடுதல் நன்று. இடுப்புப் பட்டி சில நாட்களுக்கு உதவலாம். உறுதியான தசைக்கு அது ஈடாகாது.

வயலுக்குத் திரும்பும் படிகள்

மேடையிற் பிடுங்கிய நாற்றை அன்றைக்கே முழு வெள்ளத்தில் அமிழ்த்தினால் அது அழுகிவிடும். வேர் பிடிக்கப் பிடிக்கவே நீரை உயர்த்துகின்றோம். காயமுற்ற முதுகுக்கும் வேலையை இவ்வாறே உயர்த்தவேண்டும். கீழே தரப்பட்ட காலங்கள் பொதுவானவை. ஒவ்வொருவருக்கும் ஏற்ற அளவை வைத்தியரும், பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவப் பிரிவினரும் கூறுவர்.

முதல் மூன்று நாட்கள்: முழங்கால்களின் கீழ்த் தலையணை வைத்து மல்லாந்தோ, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துப் பக்கவாட்டிலோ படுக்கலாம். மணிக்கொரு தடவை எழுந்து முற்றத்திற் சிறிது நடக்கவேண்டும். எழும்போது பக்கமாகப் புரண்டு, கைகளை ஊன்றி எழுக.

இரண்டாம் வார முடிவு வரை: நாளொன்றுக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம் மட்டமான பாதையில் நடக்கவும். விதை தெரிதல், நாற்றுப் பை நிரப்புதல் ஆகியவற்றை இடுப்பளவு உயரமுள்ள பலகையில் நின்று செய்யலாம். நெடுநேரம் கூனி உட்கார்ந்திருத்தல் ஆகாது.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை: நடையை அரை மணியாக உயர்த்துக. போஞ்சிக் கொடி கட்டுதல், காய் பறித்தல், பாதி நிரம்பிய இரு வாளிகளை இரு கையிலும் சமமாக ஏந்தி நீரூற்றுதல் ஆகியன ஏற்றவை. இயன்மருத்துவர் கற்பிக்கும் முதுகு, வயிற்றுத் தசைப் பயிற்சிகளை நாள்தோறும் செய்க.

ஏழாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை: மண்வெட்டியை எடுக்கலாம். முதல் நாள் 10 நிமிடமே போதும். இளகிய மண்ணிற் கொத்துக. அடுத்த நாள் நோவு கூடவில்லையாயின் 15 நிமிடமாக்குக. சுமை வழக்கத்திற் பாதிக்கு மேற்படலாகாது. வரம்பு வெட்டுதல், கல் புரட்டுதல், உரப்பை சுமத்தல் ஆகியவற்றை இக்காலத்தின் பின்னரே, சிறிது சிறிதாக மேற்கொள்க.

அளவறிவதற்கு இரு விதிகளை நினைவிற் கொள்க. முதலாவது: நோவு பாதத்திலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் பின்வாங்கினால் அது குணமடைவதன் அடையாளம். இடுப்பிற் சிறிது நோவு எஞ்சியிருந்தாலும் அஞ்சவேண்டியதில்லை. நோவு மீண்டும் காலுக்கு இறங்கினால் வேலையைக் குறைக்க. இரண்டாவது: இன்று செய்த வேலையின் நோவு மறுநாட் காலையிலும் மிகுந்திருந்தால், வேலையைப் பாதியாக்குக, முற்றாக நிறுத்தவேண்டாம்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகியும் காலின் நோவு கடுமையாகவே இருப்பின் சத்திரசிகிச்சை பற்றி வைத்தியர் பேசுவர். அதற்கும் அஞ்சற்க. நெதர்லாந்தில் இத்தகைய 283 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி, விரைவிற் சத்திரசிகிச்சை பெற்றோர் விரைவில் நோவு நீங்கினர். பொறுத்திருந்தோரில் 39 சதவீதத்தினர் பின்னர் அச்சிகிச்சையைப் பெற்றனர். ஓராண்டின் பின் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினர். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நெடுநாட் பயிற்சி தேவைப்படுவோரை வைத்தியர்கள் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்புவதுண்டு.

வேலையை மாற்றுக, தொழிலை விடவேண்டாம்

குணமடைந்தவர் பழைய முறையிலேயே வேலை செய்தால் பழைய நோவே திரும்பும். பின்வரும் மாற்றங்களிற் பல செலவற்றவை.

உரப்பை: 50 கிலோகிராம் பையொன்று பழைய கணக்கில் ஏறக்குறைய ஓர் அந்தர். அதனைப் பாதையோரத்திலேயே மூன்று நான்கு சிறு பைகளாகப் பிரித்துக்கொள்க. நடை கூடும், ஆனால் நடை முதுகுக்கு நல்லது. முழுப் பையையே கொண்டுசெல்ல நேர்ந்தால் தடியிற் கட்டி இருவர் சுமக்கவும்.

தெளிகருவி: 16 லீற்றர் கொள்ளும் கருவி நிரம்பினால் ஏறக்குறைய 20 கிலோகிராம் இருக்கும். பாதியளவே நிரப்புக. தரையில் வைத்துக் குனிந்து மாட்டாது, இடுப்பளவு உயரமுள்ள கல்வரம்பில் வைத்துத் தோளில் மாட்டுக.

மண்வெட்டி: உயரமானவர் குட்டைப் பிடியை மாற்றி நீண்ட பிடி போட்டுக்கொள்ளவேண்டும். ஒரே பக்கமாகக் கொத்தாது காலும் கையும் மாற்றிக் கொத்துக. இடுப்பைத் திருப்பி மண்ணை வீசாது, கால்களை எடுத்துவைத்துத் திரும்புக. 20 நிமிடத்துக்கொரு தடவை நிமிர்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றிச் சிறிது பின்புறம் வளைக.

நாற்று நடுகை: தட்டங்களில் வளர்த்த நாற்றுகளை நின்றவாறே வயலில் எறியும் பரசூட் முறையில் நாள் முழுவதும் குனியவேண்டியதில்லை. வரிசையாக நட்ட வயலில் உருளும் களைகருவியை நின்று தள்ளலாம். இவை பற்றிய ஆலோசனையை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமோ, 1920 என்னும் விவசாயத் திணைக்களத் தொலைபேசி இலக்கத்திலோ பெறலாம்.

மரக்கறித் தோட்டம்: சரிவு நிலத்திற் கல்வரம்பு கட்டி அமைத்த படிப் பாத்திகளைக் கீழ்ப்படியில் நின்று பராமரித்தால் குனிவு குறையும். மண்ணரிப்பும் தடைப்படும். நாற்று மேடையைக் கம்புகள் நட்டு இடுப்பளவு உயர்த்துக. பாகல், புடோல், போஞ்சி போன்ற கொடிப் பயிர்கள் நின்று பறிக்க ஏற்றவை.

கொழுந்துக் கூடை: கொழுந்து நிறையும்வரை காத்திராது இடையிடையே கொட்டுக. சரிவில் இறங்கும்போது சுமையோடு திரும்பிப் பார்க்கவேண்டாம். நின்று கால்களைத் திருப்புக.

குடும்பத்தாருக்கும் அயலவருக்கும்

தட்டு நோவுற்றவர் வெளியே நலமுற்றவர்போலத் தோன்றுவார். கட்டுமில்லை, காயமுமில்லை. "நடக்கத் தெரிகிறது, மண்வெட்டி பிடிக்கத் தெரியாதா?" என்னும் சொல் அவரைக் காலத்துக்கு முன்னரே பாரந்தூக்கச் செய்யும். "நீ இனி ஒன்றுக்கும் உதவமாட்டாய்" என்னும் சொல் அவரைப் பாயோடு கட்டிவிடும். இரண்டும் தீங்கானவை. அவரால் இயன்ற வேலையை அவரிடம் கொடுங்கள்; இயலாததை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நோவுற்றவர் பெண்ணாயின் நீர்க்குடமும் விறகும் ஆண்களின் பொறுப்பாகட்டும்.

இன்று எனக்கு நீ, நாளை உனக்கு நான் என முறைவைத்து வயல் வேலை செய்யும் வழக்கத்தை நம் சிங்கள அயலவர் 'அத்தம்' என்பர். நோவுற்றவரின் வயலை மூன்று மாதங்களுக்கு அயலவர் இம்முறையிற் பார்த்துக்கொண்டால், அவர் தம் போகத்தையும் இழக்கமாட்டார், முதுகையும் இழக்கமாட்டார். அவர் அக்கடனைக் காய் பறித்தும் விதை தெரிந்தும் நாற்றுக் காத்தும் திருப்பித் தரலாம்.

கமக்காரர்களே, முதுகு பிடித்துக்கொண்டால் முதலில் அபாய அறிகுறிகள் உண்டோ எனப் பாருங்கள். உண்டெனின் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இல்லையெனின் ஓரிரு நாள் ஆறி, எழுந்து நடவுங்கள். நடையிலிருந்து இலேசான வேலைக்கும், அதிலிருந்து மண்வெட்டிக்கும் வாரம் எண்ணி உயருங்கள். ஒரு போகம் பொறுத்து மீண்ட முதுகு பல போகங்களுக்கு உழைக்கும்.